போர்ட்லாண்டியா தொடரின் பகடி யாரைச் சுடுகிறது?

செங்காந்தள் எழுதியது (தொடக்கப் பதிவு):

அமெரிக்காவின் ஐஎஃப்சி தொலைக்காட்சியில் 2011 ஜனவரியில் தொடங்கி 2018 மார்ச்சில் நிறைவடைந்த 'போர்ட்லாண்டியா' தொடரின் எட்டு சீசன்களையும், அதாவது 77 எபிசோட்களையும், இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்திருக்கிறேன். இந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே பார்த்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். அண்மைக்கால நகைச்சுவைத் தொடர்களில் இவ்வளவு கனிவானது வேறில்லை என்பது ஒரு தரப்பு. தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்ளும் ஒரு கூட்டம் பகடி என்ற பெயரில் தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்ததுதான் இது என்பது மறுதரப்பு. நான் முதல் தரப்பைச் சேர்ந்தவன். மறுதரப்பின் வாதத்தையும் முழுமையாகக் கேட்க விரும்பியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் பல ஆண்டுகள் நடித்த ஃப்ரெட் ஆர்மிசனும், 'ஸ்லீட்டர்-கின்னி' என்ற பெண்கள் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் கேரி பிரவுன்ஸ்டீனும் முதலில் 'தண்டர்ஆன்ட்' என்ற பெயரில் இணையத்தில் சிறு காணொளிகளை வெளியிட்டுவந்தார்கள். பிறகு இயக்குநர் ஜோனதன் கிரைசலும் சேர, அது குறுங்காட்சித் தொடராக வளர்ந்தது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரம்தான் களம். அந்நகரின் சைக்கிள் ஆர்வலர்கள், ஊறுகாய் போடுபவர்கள், கைவினைக் கடைக்காரர்கள், இயற்கை உணவுப் பற்றாளர்கள் என்று எல்லாரையும் இவ்விருவரே மாறிமாறி வேடமிட்டு நடித்தார்கள்.

முதல் எபிசோடிலேயே வரும் கோழிக் காட்சியைத்தான் என் வாதத்துக்கு ஆதாரமாக வைக்கிறேன். பீட்டர், நான்ஸ் என்ற தம்பதியினர் ஓர் உணவகத்தில் கோழி கேட்கிறார்கள். அது உள்ளூர்க் கோழியா, அது தின்ற கொட்டைகள் உள்ளூரில் விளைந்தவையா, அது உலவ எவ்வளவு இடம் இருந்தது என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகின்றன. பரிமாறும் பெண் உள்ளே சென்று அந்தக் கோழியின் ஆவணங்களையே கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள். அதன் பெயர் காலின். அதற்கு நண்பர்கள் இருந்தார்களா என்றுகூட அவர்கள் விசாரிக்கிறார்கள். அப்போதும் மனம் ஆறாமல், இடத்தைப் பிடித்துவைக்கச் சொல்லிவிட்டு, பண்ணையை நேரில் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். இவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் அல்லர். தாங்கள் தின்னும் உயிர் துன்பப்படாமல் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. அந்த ஆசைக்கு எல்லை எங்கே என்று தெரியாமல் தவிக்கிறார்களே, நமக்கு வரும் சிரிப்பு அந்தத் தவிப்பிலிருந்துதான் வருகிறது. ஏளனம் செய்பவரால் இப்படியொரு காட்சியை எழுத முடியாது, அந்தக் கேள்விகளைத் தானும் ஒருநாள் கேட்டவரால்தான் எழுத முடியும் என்பது என் உறுதியான கருத்து.

திரைச்சீலை எழுதியது:

நண்பர் செங்காந்தளின் பதிவை மதிக்கிறேன், ஆனால் உடன்பட முடியவில்லை. என் மறுப்பு தொடரின் நோக்கத்தைப் பற்றியது அன்று, அதன் கைவேலையைப் பற்றியது. குறுங்காட்சி என்பது மிகக் கறாரான வடிவம். ஒரு வினோதமான சூழலை நிறுவ வேண்டும், அதை மூன்று நான்கு படிகள் உயர்த்த வேண்டும், பார்வையாளர் எதிர்பாராத ஓர் இடத்தில் வெட்டி முடிக்க வேண்டும். 'போர்ட்லாண்டியா' முதல் படியை அருமையாகச் செய்கிறது. இரண்டாவது படியில் பெரும்பாலும் அதே நகைச்சுவையை இன்னும் உரத்த குரலில் சொல்கிறது. மூன்றாவதில் முடிவு கிடைக்காமல் காட்சியை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. இருவரும் உரையாடலின் பெரும்பகுதியை எழுதப்பட்ட வசனமாக இல்லாமல் அந்தந்த நேரத்தில் தோன்றியபடி பேசி நடித்தார்கள் என்பது தெரிந்த செய்தி. அதன் உயிர்ப்பும் தெரிகிறது, தொய்வும் தெரிகிறது.

காப்பிக் கடையில் இருவர் ஒருவரையொருவர் இந்தக் கட்டுரையைப் படித்தாயா, அந்தக் கட்டுரையைப் படித்தாயா என்று கேட்டுக்கொண்டே போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விகளின் வேகம் கூடக்கூட, அது படிப்பைப் பற்றிய பேச்சாக இல்லாமல் வாள்வீச்சாகவே மாறிவிடுகிறது. மிகச் சரியாக வளர்ந்த காட்சி அது. பொருள்களின்மேல் பறவைப் படத்தை ஒட்டினாலே கலை ஆகிவிட்டது என்று நம்பும் இருவரின் கடைக்குள் உண்மையான பறவை ஒன்று பறந்து வந்ததும் அவர்கள் பதறிப்போய்ப் பொருள்களை உடைப்பதும் அப்படியே. பறவை உள்ளே வரும் அந்த ஒரு கணத்தில் காட்சி தன் வாதத்தைத் தானே முடித்துவிடுகிறது. ஆனால் இந்தத் தரத்தில் எட்டு சீசன்களுக்கும் சேர்த்து இருபது காட்சிகளை என்னால் எண்ண முடிந்தால் அதிகம். மற்றவற்றில் பார்வையாளர் தானும் அந்த உலகத்தவர் என்பதால், அடையாளம் கண்டுகொண்ட மகிழ்ச்சியில்தான் சிரிக்கிறார். அடையாளம் காண்பதும் நகைச்சுவையும் ஒன்றல்ல.

பனித்துளி எழுதியது:

நான் மூன்று எபிசோட்களோடு நிறுத்திவிட்டேன். திரைச்சீலை கடைசியில் சொன்னதுதான் காரணம். பின்சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழன்றுகொண்டே இருக்கும், மிதிக்காமல் உருள விடாத நிலைப் பற்சக்கரச் சைக்கிளை ஏன் ஒருவர் விரும்பி ஓட்டுகிறார் என்பது எனக்குத் தெரியாது. காதில் பெரிய வளையம் மாட்டிய ஸ்பைக் என்பவன் அதில் ஏறிக்கொண்டு சைக்கிள் உரிமை என்று கார்களைப் பார்த்துக் கத்தும்போது, எல்லாரும் சிரிக்கும் இடத்தில் நான் விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த உலகத்துக்கு வெளியே இருப்பவருக்கு இந்தத் தொடர் கதவைத் திறந்து வைக்கவில்லை.

செங்காந்தள் எழுதியது:

பனித்துளி அவர்களே, அதே ஸ்பைக் வரும் இன்னொரு காட்சியைப் பாருங்கள், அதற்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. தான் போகும் மதுக்கூடத்தில் சாதாரண உடையணிந்த ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், இந்த இடத்தின் கதை முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு வெளியேறுகிறான். பிறகு அந்த ஆள் எதைத் தொட்டாலும் அதையும் இவன் ஒவ்வொன்றாகக் கைவிடுகிறான். தான் தனித்தவன் என்று காட்டிக்கொள்வதற்காகத் தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒருவன் இழந்துகொண்டே போவது எந்த ஊரிலும் புரியும்.

ஆற்றோரம் எழுதியது:

நான் 2009 முதல் போர்ட்லாந்துக்கு மேற்கே ஹில்ஸ்போரோவில் வசிக்கிறேன். சிப் தொழிற்சாலைகளுக்காக வந்து இங்கேயும் பீவர்டனிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தொடர் ஒளிபரப்பான எட்டு ஆண்டுகளும் நான் இங்கேதான் இருந்தேன் என்பதால், இதுவரை யாரும் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பகடி செய்யப்பட்ட நகரமே அந்தப் பகடியை விளம்பரமாக ஏற்றுக்கொண்டது. தொடரில் நகர மேயராக நடித்தவர் நடிகர் கைல் மெக்லாக்லன். அவருக்கு உதவியாளராக நடித்தவர் அப்போது போர்ட்லாந்தின் உண்மையான மேயராக இருந்த சாம் ஆடம்ஸ். 'போர்ட்லாந்தை விசித்திரமாகவே வைத்திருங்கள்' என்ற முழக்கம் டெக்சாஸின் ஆஸ்டின் நகரிலிருந்து இரவல் வாங்கப்பட்டது என்றாலும், அதைச் சுவரில் எழுதி வைத்துப் பெருமைப்படும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரைப் பார்த்து, இளைஞர்கள் பணி ஓய்வு பெறுவதற்காக வந்து சேரும் நகரம் என்று முதல் எபிசோடின் பாட்டு சொன்னபோது, அந்தக் கேலியைக் கேட்டவர்களில் பலருக்கு அது அழைப்பாகவே ஒலித்திருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டு வாடகை உயர்ந்ததற்குத் தொடர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வேலைவாய்ப்பு, வட்டி விகிதம், கலிஃபோர்னியாவின் வீட்டு விலை ஆகியவற்றின் பங்கு மிகப் பெரியது. ஆனால் வெளியே இந்நகருக்கு ஒரு முகம் பொருத்தப்பட்டது, அந்த முகத்தைப் பொருத்தியதில் தொடருக்குப் பங்கு உண்டு.

அந்த முகத்தில் யார் இல்லை என்பதுதான் என் மனக்குறை. 2010 கணக்கெடுப்பின்படி போர்ட்லாந்தின் மக்கள்தொகை 5,83,776. அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெள்ளையர்கள். இது தற்செயலாக அமைந்தது அன்று. கறுப்பின மக்கள் குடியேறக் கூடாது என்ற விதி ஒரேகானின் அரசியலமைப்பிலேயே 1857-இல் எழுதப்பட்டது, 1926 வரை நீக்கப்படவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக எழுப்பப்பட்ட வான்போர்ட் குடியிருப்பு 1948 மே மாத வெள்ளத்தில் ஒரே நாளில் அழிந்தது. அங்கே இருந்த கறுப்பினக் குடும்பங்களில் பல போர்ட்லாந்தின் ஆல்பினா பகுதியில் ஒதுங்கின. பிறகு அந்த ஆல்பினாவின் வீடுகளும் விளையாட்டு அரங்குக்காகவும் நெடுஞ்சாலைக்காகவும் இடிக்கப்பட்டன. 1970-களின் தொடக்கத்தில் மருத்துவமனை விரிவாக்கத்துக்காக ஏறக்குறைய 300 வீடுகள் போயின. மத்திய அரசின் நிதி நின்றுபோனதால், இடித்த நிலத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது. நீங்கள் தொடரில் பார்க்கும் அழகான கைவினைக் கடைகளையும் காப்பிக் கடைகளையும் போன்றவை நிறைந்த மிசிசிப்பி அவென்யூவும் ஆல்பர்ட்டா தெருவும் அந்தப் பழைய குடியிருப்புகளின் பக்கத்திலும் நடுவிலும்தான் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை மாலை ஆல்பர்ட்டா தெருவில் என் மகளோடு நடந்தபோது, புதிதாக வண்ணமடித்த கடைகளின் வரிசைக்கு இடையில் ஒரு பழைய தேவாலயத்தைப் பார்த்தேன். வழிபாடு முடிந்து வெளியே வந்த கறுப்பின முதியவர்கள் ஒவ்வொருவராகக் காரில் ஏறிக் கிளம்பினார்கள். ஒருவரிடம் வீடு அருகில்தானா என்று கேட்டேன். நகரின் கிழக்கு ஓரத்தைச் சொன்னார். வழிபாட்டுக்கு மட்டும் இவ்வளவு தூரம் வருகிறார்.

காலின் என்ற கோழிக்குக் கிடைத்த விசாரணை அந்த முதியவருக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. பகடி எழுதியவர்களும் அதைக் கேட்கவில்லை.

மல்லி எழுதியது:

ஆற்றோரம் அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். அதிலிருந்தே என் கருத்தையும் தொடங்குகிறேன், ஏனென்றால் புத்தகக் கடை விவகாரம் அதோடு நேரடியாகப் பின்னிக் கிடக்கிறது.

டோனி, கேண்டஸ் என்ற இருவர் நடத்தும் பெண்ணியப் புத்தகக் கடை தொடரின் புகழ்பெற்ற களங்களில் ஒன்று. டோனியாகப் பிரவுன்ஸ்டீனும் கேண்டஸாக ஆர்மிசனும் நடித்தார்கள். 'இன் அதர் வேர்ட்ஸ்' என்ற உண்மையான பெண்ணியப் புத்தக மையத்தில் அந்தக் காட்சிகள் படமாக்கப்பட்டன. 1993-இல் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்களின் உழைப்பால் நடந்த மையம் அது. 2016-இல் அவர்கள் கடைச் சன்னலில் அறிவிப்பு எழுதி ஒட்டி, தொடரோடு இருந்த உறவை வெளிப்படையாக முறித்துக்கொண்டார்கள். படப்பிடிப்புக் குழுவினர் இடத்தை அலங்கோலமாக விட்டுச் சென்றார்கள் என்றும், பக்கத்துக் கடை முன்னறிவிப்பின்றி ஒரு நாள் வியாபாரத்தை இழந்தது என்றும், ஆர்மிசன் பொய்முடியும் பெண் உடையும் அணிந்து நடிப்பது திருநங்கையரை இழிவுபடுத்துகிறது என்றும், நகரிலிருந்து ஏழைகளும் கறுப்பினத்தவரும் வெளியேற்றப்படுவதற்குத் தொடர் துணைபோகிறது என்றும் அவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். 2018-இல் அந்த மையமும் மூடப்பட்டது, தொடர் முடிந்த அதே ஆண்டில்.

நான் கல்லூரிக் காலத்தில் ஒரு சிறிய பெண்கள் வாசிப்பு மையத்தில் இரண்டு ஆண்டுகள் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்திருக்கிறேன். மேசையின் இழுப்பறையில் ஒரு நோட்டு இருக்கும். அன்றைய விற்பனையை அதில் எழுத வேண்டும். பல நாள்களில் தேதியை எழுதிவிட்டு எதிரே ஒரு கோடு போட்டு மூடுவேன். யாராவது உள்ளே வந்தால், அவர் வெறுங்கையோடு திரும்பிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் தேவைக்கு மேல் பேசிவிடுவேன், அவரும் பயந்து போய்விடுவார். அதனால்தான் முதல் சீசனில் நடிகர் ஸ்டீவ் புஷெமி கழிப்பறையைத் தேடி அந்தக் கடைக்குள் நுழையும் காட்சியில் எனக்குச் சிரிப்பு பொங்கியது. வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே கழிப்பறை என்று சொல்லிவிட்டு, அவர் வாடிக்கையாளர் ஆவதையும் எளிதாக விடமாட்டார்கள். கொள்கையும் கடை வாடகையும் ஒரே மேசையின் பின்னால் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் கவனிப்பு துல்லியமானது, அதை எழுதியவர்கள் எங்களைப் போன்றவர்களை அருகில் இருந்து பார்த்திருக்கிறார்கள்.

இருந்தாலும் செங்காந்தள் சொல்லும் கனிவு என்ற சொல்லை நான் முழுதாக ஏற்கமாட்டேன். கோழிக் காட்சியில் கேலிக்கு உள்ளாகும் தம்பதியினர் வசதியானவர்கள், உணவகத்தில் அதிகப் பணம் கொடுத்துச் சாப்பிடக் கூடியவர்கள். அவர்களைச் சீண்டுவதால் அவர்களுக்கு ஒன்றும் குறையாது. வாடகைக்கே திண்டாடும் தன்னார்வலர்களைச் சீண்டுவது வேறு. முன்னதில் சிரிப்பு முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். பின்னதில் மறுநாள் காலையில் அதே கடையை யாரோ திறக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடையைக் களமாக்கித் தொடர் விருதுகள் வாங்கியது, அமெரிக்க ஒலி, ஒளிபரப்புத் துறையில் மதிக்கப்படும் பீபடி விருதும் (2011-ஆம் ஆண்டுக்கானது) அதில் அடக்கம். கடைக்குக் கிடைத்தது என்ன என்று கேட்பது நியாயமே.

செங்காந்தள் எழுதியது:

மல்லி அவர்களின் வேறுபடுத்தலை ஏற்றுக்கொள்கிறேன். எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துக் கனிவு என்று எழுதியது என் பிழை.

ஆண் பெண் வேடமிட்டதைப் பற்றி மட்டும் ஒரு மாற்றுக்கருத்து. நினா, லான்ஸ் என்ற தம்பதியில் மனைவியாக ஆர்மிசனும் மீசை வைத்த முரட்டுக் கணவனாகப் பிரவுன்ஸ்டீனும் நடித்தார்கள். அந்தக் காட்சிகளில் ஒருவர் பெண் உடையில் இருப்பதே சிரிப்புக்குக் காரணமாக வைக்கப்படவில்லை. நினாவின் பிறந்தநாளுக்காக ஊரையே அலைக்கழிப்பது சிரிப்பு, லான்ஸ் அதைத் தாங்கிக்கொள்வது சிரிப்பு. வேடம் பழகிப்போய், சிறிது நேரத்தில் நாம் அந்த இரண்டு மனிதர்களை மட்டுமே பார்க்கிறோம். கேண்டஸ் விஷயத்திலும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆற்றோரம் அவர்களின் பதிவுக்குப் பிறகு கோழிக் காட்சியை மறுபடி பார்த்தேன். இரண்டு முறை பார்த்தும் நான் கவனிக்காமல் விட்டது அந்தப் பரிமாறும் பெண்ணை. அவள் ஒரு கேள்விக்குக்கூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தயாராகப் பதில் வைத்திருக்கிறாள், தெரியாததைக் கேட்டால் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறாள். அந்தக் கோழிக்கு எத்தனை ஏக்கர் கிடைத்தது என்று கேட்ட தம்பதியினர், அவளுக்கு மணிக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று கேட்கவில்லை. காட்சி அதைத் தெரிந்தே செய்ததா, தெரியாமல் செய்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. தெரிந்து செய்திருந்தால் நான் நினைத்ததைவிட இது கூர்மையான பகடி. தெரியாமல் செய்திருந்தால் ஆற்றோரம் சொன்னதே சரி.

திரைச்சீலை எழுதியது:

தெரிந்து செய்தது என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் நிதானம் இல்லாவிட்டால் காட்சி உயராது, அவள் ஒருமுறை எரிச்சல் காட்டியிருந்தாலும் கேள்விகள் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் அவளைக் காட்சியின் அச்சாணியாகப் பயன்படுத்துவது வேறு, அவளைப் பொருட்டாக எண்ணுவது வேறு.

நானும் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஐந்தாம் சீசனிலிருந்து தொடர் தன் வடிவத்தைத் தளர்த்திக்கொண்டு, சில பாத்திரங்களுக்கு முழு எபிசோடையே ஒதுக்கத் தொடங்கியது. அந்தச் சீசனின் முதல் எபிசோட் டோனி, கேண்டஸ் இருவரும் ஒரு காலத்தில் நிறுவன உலகில் போட்டியாளர்களாக இருந்த முன்கதையைச் சொல்கிறது. முடிவில்லாமல் நின்றுபோகும் காட்சிகள் என்று நான் குறை சொன்னேன் அல்லவா, அந்த எபிசோடில் அந்தக் குறை இல்லை. ஆளுக்குப் பின்னால் வாழ்க்கை வந்ததும் எழுத்தும் தன் முடிவைக் கண்டுகொண்டது.

மல்லி எழுதியது:

அந்த எபிசோட் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பாத்திரங்களுக்குக் கிடைத்த முன்கதை. கடைக்கும் ஒரு கதை இருந்தது, அதைக் கடைக்காரர்களே எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று.

ஆற்றோரம் எழுதியது:

மல்லி அவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 2014 கோடையில் ஊரிலிருந்து வந்த என் மைத்துனர் அந்தக் கடையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கில்லிங்ஸ்வொர்த் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம், உள்ளே போய் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தோம், தொடரில் வரும் மேசை இதுதானா என்று மெதுவாகப் பேசிக்கொண்டோம். மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் ஏதாவது தேடுகிறீர்களா என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டோம். உங்கள் நோட்டில் தேதிக்கு எதிரே போட்ட கோட்டைப் படித்தபோது அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஒரு புத்தகம் வாங்கியிருக்கலாம்.